உச்சியில் அழாத அக்கா

எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர் அக்கா. எனக்கு மட்டுமல்ல, முதலாளியிலிருந்து தரை துடைக்க வருபவர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. "இது தெளிவா இருக்கா, இதுவா? சரி, இதுவா, இதுவா?" என்று அவர் காலை முதல் கேட்டுக்கொண்டே இருப்பது மின்விசிறிச் சத்தம் மாதிரி எனக்குப் பழகிப்போயிற்று.

நாற்பது வயது வரை அக்கா ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் கடையின் மேல்தட்டு. அதுவும் ஸ்டூல் போட்டு. ஒருமுறை முதலாளிக்கு ஊழியர்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கி, எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு மலைக்கு அழைத்துப்போனார். பாதி வழியிலேயே விற்பனைப் பிரிவு மொத்தமும் ஒரு பாறையில் கவிழ்ந்து கிடந்தது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இயற்கையை ரசிப்பதாகச் சொன்னார். நான் நாக்குத் தள்ள மேலே போய்ச் சேர்ந்தபோது, அக்கா அங்கே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை. நெற்றியில் வியர்வைகூட இல்லை.

"எப்பக்கா வந்தீங்க?"

"இப்பத்தான். இதுக்கு மேல ஒண்ணும் இல்லையா?"

இதற்கு மேல் ஆகாயம்தான் இருந்தது. சொன்னேன். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்.

அடுத்த மாதமே ஊரிலிருந்த மலையேற்றச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பகல் முழுக்க அதை மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குக் கால் நிற்காது.

"மலைக்கா? எதுக்கு?" என்று கேட்டாராம்.

"ஏறத்தான்."

"ஏறிட்டு?"

"இறங்கணும்."

"வீட்டுலயே இருந்தா ரெண்டு வேலையும் மிச்சம்தானே?"

பதில் இல்லாத கேள்விகளை அக்கா காதில் போட்டுக்கொள்வதில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சங்கத்தின் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையேற்றத்துக்கு என்னென்ன கருவிகள் உலகத்தில் உண்டோ அத்தனையும் அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்கின. கயிறு, கொக்கி, பனிக்கோடாரி, ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள், எல்லாம் புத்தம்புதிதாக, கீறல் இல்லாமல் பளபளத்தன. "மலைக்கு நாம போகக் கூடாது. மலை நம்மளைக் கூப்பிடணும்" என்பார். பல வருடங்களாக அவரை எந்த மலையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில்தான் அவர் நாற்காலி போட்டிருந்தார்.

அக்கா வாரக் கடைசிகளில் சின்னச் சின்ன மலைகளாக ஏறினார். கயிற்றில் தொங்கவும், பனியில் சறுக்கினால் கோடாரியைக் குத்தி நிற்கவும் பழகினார். நான்காவது வருடம், சங்கத்திலிருந்து எல்லைப்புறத்துப் பெரிய பனிமலைக்கு ஒரு குழு கிளம்பியது. இந்த முறை தலைவரும் வருவதாக அறிவித்தார். ஊரே வாயைப் பிளந்தது.

அடிவார முகாமில் தலைவருக்கு வயிறு கலங்கிவிட்டது. மற்ற உறுப்பினர்கள் அவருக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டார்கள். அக்காவும் ஒரு வழிகாட்டியும் மட்டும் மேலே போனார்கள். ஏறினார்கள். உச்சியில் சிறிது நேரம் நின்றார்கள். இறங்கினார்கள். திங்கட்கிழமை காலை அக்கா வழக்கம்போலக் கடைக்கு வந்து, தோல் உரிந்த மூக்குடன் "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் கதை கேட்கப் போனேன். என்ன சாக்ஸ் போட வேண்டும், எத்தனை சாக்ஸ் போடக் கூடாது என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார். உண்மையைச் சொன்னால், அக்கா பேசி யாரும் விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் எழுதினால் வேறு ஆள். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து அந்தப் பயணத்தை எழுதி முடித்தார். முதலில் என்னிடம்தான் படிக்கக் கொடுத்தார். ஓர் இடம் இப்படி இருந்தது: 'கூடாரத்தில் மூன்று பேர். நடுவில் படுப்பவருக்குக் குளிராது. ஆனால் வெளியே போக வேண்டுமென்றால் யாராவது ஒருவரை மிதித்தாக வேண்டும். நான் தலைவரை மிதித்தேன்.' நான் லென்ஸ் தேய்க்கும் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

அதில் ஒரு பகுதியைச் சங்கத்தின் காலாண்டு மலருக்கு அனுப்பினார். மறுநாளே தலைவர் கடைக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா இது? 'தலைவர் வயிற்றுப்போக்குடன் அடிவார முகாமில் இருந்தார்'னு எழுதியிருக்கீங்க?"

"இருந்தீங்களே சார்."

"நான் முகாமிலிருந்து நடவடிக்கைகளை ஒருங்கிணைச்சேன்!"

அக்கா யோசித்தார். நியாயமானவர். "ஆமா, ரேடியோவுல ரெண்டு தடவை பேசினீங்க. சரி, ரெண்டும் உண்மைதானே. ரெண்டையும் போட்டுடறேன்."

மலரில் இப்படி வந்தது: 'தலைவர் வயிற்றுப்போக்குடன் அடிவார முகாமிலிருந்து நடவடிக்கைகளை ஒருங்கிணைத்தார்.' மலரைத் தொகுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்பியிருக்க வேண்டும். சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுத்து அக்காவை நீக்கினார்கள். பெரிய மலையின் உச்சியைத் தொட்ட ஒரே உறுப்பினர் வெளியே போனதும், சங்கத்தில் எல்லோரும் சம உயரத்துக்கு வந்து நிம்மதி அடைந்தார்கள்.

அக்காவுக்கு அது வருத்தம்தான். ஆனால் அதே சமயத்தில்தான் பதிப்பாளர் வந்து சேர்ந்தார்.

அவர் வந்தது கண்ணாடிக்காக. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் கேட்டார். காத்திருக்கிற நேரத்தில் மேசை மேல் கிடந்த அக்காவின் தாள்களை எடுத்துப் படித்துப் பார்த்தார். படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யார் எழுதினது? நீங்களா? நம்பவே முடியலையே! நான் புத்தகமாப் போடறேன் மேடம். ஒரே ஒரு சின்ன குறை. உச்சிக்குப் போறீங்க. அங்க என்ன உணர்ந்தீங்கன்னே இல்லையே?"

"இருக்கே. மூக்கு ஒழுகிச்சுன்னு எழுதியிருக்கேன்."

"அது உடம்பு மேடம். நான் மனசைக் கேட்கறேன். அழுதிருப்பீங்களே?"

"அழுதா கண்ணீர் உறைஞ்சு கண்ணாடியில ஒட்டிக்கும். அப்புறம் இறங்கறப்ப வழி தெரியாது."

பதிப்பாளர் பரிவோடு தலையாட்டினார். நோயாளிக்கே தெரியாத நோயைக் கண்டுபிடித்த மருத்துவரின் தலையாட்டல் அது.

'ஏறினேன், இறங்கினேன்' என்று அக்கா வைத்த தலைப்பு, புத்தகம் வந்தபோது 'வெண்மௌனத்தின் மடியில்' என்று மாறியிருந்தது. கூடாரத்தில் தலைவரை மிதித்த இடம் காணவில்லை. உச்சியைப் பற்றி அக்கா எழுதியிருந்த எட்டு வரி, எட்டுப் பக்கமாக வீங்கியிருந்தது. அதில் அக்கா மண்டியிட்டு அழுகிறார், பனியைக் கையில் அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு 'நான் யார்?' என்று கேட்கிறார், மலை ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பதிலின்மையே பதிலாக இருக்கிறது. அக்கா கடையில் நின்றபடியே படித்தார். பிறகு பதிப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"சார், வெறுங்கையால பனியை அள்ளினா விரல் போயிடும்."

"மேடம், அது நீங்க உணர்ந்ததுதான். உங்களுக்கே தெரியாம உணர்ந்தது. நான் கொஞ்சம் வெளியில எடுத்து வெச்சேன், அவ்வளவுதான்."

புத்தகம் ஓடியது. கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். ஓர் அம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க 'நான் யார்?'னு கேட்டப்ப நானும் அழுதுட்டேம்மா" என்று மறுபடியும் அழுதார். அக்கா அவருக்கு ஒரு டிஷ்யூ காகிதம் கொடுத்து, கண்ணில் தண்ணீர் அடிக்கடி வருகிறதா, எரிச்சல் உண்டா என்று விசாரித்தார்.

இந்த இடத்தில் அக்காவைத் தேவதை மாதிரி காட்ட நான் விரும்பவில்லை. அவருக்கும் அது பிடித்திருந்தது. பஸ்ஸில் யாராவது அடையாளம் கண்டு இடம் கொடுத்தால் உட்கார்ந்தார். புதிதாக ஒரு கைப்பை வாங்கினார். தான் அழாத அழுகையின் மேல் கையெழுத்துப் போட்டுப் போட்டு, கையெழுத்தையே அழகாக மாற்றிக்கொண்டார். "நீங்க நிஜமா அழலைதானேக்கா?" என்று நான் கேட்டால், "யாரு வந்து பார்த்தா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

கூட்டங்களுக்கும் கூப்பிட்டார்கள். ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் விற்பனையாளர்களுக்கு ஊக்கம் கொடுக்க அழைத்தது. துணைக்கு நானும் போனேன். குளிரூட்டிய அரங்கு. மேடையில் அட்டையில் வெட்டிய மலை. மேலாளர் மைக்கைப் பிடித்து, "மலை உங்களுக்குக் கத்துக்கொடுத்த மிகப் பெரிய பாடம் என்ன மேடம்?" என்றார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "கால் நகத்தை ஒட்ட வெட்டிட்டுப் போகணும்."

மேலாளர் மெல்லக் கை தட்டினார். எல்லோரும் எழுந்து தட்டினார்கள். ஒருவர் தன் பக்கத்திலிருந்தவரிடம், "நகம்னா நம்ம அகங்காரம்" என்று விளக்குவது என் காதில் விழுந்தது. அந்த நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் அந்த வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். "இறங்கறப்ப விரல் ஷூவுல முட்டும், நகம் கறுத்து விழுந்துடும்னுதான் சொல்ல வந்தேன்" என்று திரும்பி வரும்போது அக்கா சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்காததில் அவருக்குக் குறைதான்.

சிக்கல் வீட்டில் வந்தது. வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தை மெதுவாக, பிரேக்கில் கால் வைத்தபடியே படித்து வந்தார். எட்டுப் பக்க அழுகையை எட்டியதும் படிப்பதை நிறுத்திவிட்டார். பேச்சும் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து அக்காதான் கேட்டிருக்கிறார், என்ன விஷயம் என்று.

"கல்யாணத்தன்னிக்கு நீ அழல. எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப அழல. யாரோ ஒரு மலை முன்னாடி முட்டி போட்டு அழுதிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நான் அழலைங்க. அது அவர் எழுதினது."

"அச்சுல இருக்கே?"

அச்சுக்கு எதிராக மனைவியின் சாட்சி எடுபடவில்லை. மறுநாள் கடையில் இதைச் சொன்னபோது அக்காவின் முகம் சுண்டிக் கிடந்தது. "சும்மா கையெழுத்துப் போட்டுட்டே இருந்துட்டேன்டா" என்றார். அதற்குப் பிறகு புது கைப்பை கடைக்கு வரவில்லை.

இந்த நிலையில்தான் பதிப்பாளர், 'எழுத்தாளருடன் ஒரு பயணம்' என்று அறிவித்தார். அக்கா வேண்டாம் என்றார். வாசகர்கள் ஏற்கெனவே பேர் கொடுத்துவிட்டார்கள் என்றார் பதிப்பாளர். சங்கடப்பட்டு ஒப்புக்கொண்ட அக்கா, மூட்டை தூக்க என்னையும் கூட்டிக்கொண்டார்.

பெரிய மலை இல்லை. பனிகூடக் கிடையாது. ஒரு நீளமான முதுகு மாதிரி கல் மேடு, அதன் முடிவில் உச்சி. வாசகர்கள் எல்லோரும் கையில் புத்தகத்தோடு வந்தார்கள். பாதிப் பேர் தண்ணீர் கொண்டுவரவில்லை. புத்தகத்தில் தண்ணீர் பற்றி இருந்த பக்கத்தைப் பதிப்பாளர் எடுத்துவிட்டிருந்தார்.

உச்சியில் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வாசகர்கள் மரியாதையாக வரிசையில் நின்று அழுகை வருவதற்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தார். "மேடம், நீங்க எவ்வளவு நேரத்துல அழுதீங்க?" என்று ஒரு பெண் காதோடு கேட்டார். ஒரே ஒரு பெரியவர் உண்மையாகவே அழுதார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா குனிந்து அவர் ஷூவைக் கழற்றினார். குதிகால் முழுக்கக் கொப்புளம்.

"யாரையும் நான் அழ வைக்க முடியாதுங்க" என்று அக்கா அப்போதுதான் எல்லோர் முன்னாலும் சொன்னார். "நானே அழல. அந்தப் பக்கமெல்லாம் நான் எழுதினதில்லை."

வாசகர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். பிறகு, அழுதவர், "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

இறங்கும் வழியில் மூடுபனி சட்டென்று விலகியது. கல் மேட்டின் இரண்டு பக்கமும் பள்ளம் தெரிந்தது. நடுவே நடந்துகொண்டிருந்த பதிப்பாளர் அப்படியே உட்கார்ந்தார். பாறையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"என்னால முடியாது. நான் இங்கேயே இருந்துடறேன். நீங்க போங்க."

அக்கா வாசகர்களை என்னோடு ஓர் அகலமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, திரும்பிப் போய் அவர் பக்கத்தில் அமர்ந்தார். வாசகர்களில் ஒருவர் நல்லெண்ணத்தில், புத்தகத்தைத் திறந்து உரக்கப் படித்தார்: "'பள்ளம் என்னைப் பார்த்தது. நானும் பள்ளத்தைப் பார்த்தேன். எங்களுக்குள் பேதமில்லை...'"

"நிறுத்தச் சொல்லுங்க அந்தாளை!" என்று அலறினார் பதிப்பாளர். தான் எழுதிய வரி என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அக்கா தன் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பிறகு கேட்டார். "வேன்ல வரப்ப சொன்னீங்களே, வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு. சரி பண்ணிட்டாங்களா?"

"குழாயா? எங்க மேடம்! மூணு தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் வாஷர் போகலைன்னு சொல்றான்..."

"வாஷர்தான் போயிருக்கும். எழுந்திரிங்க, அந்தக் கல்லுல கால் வைங்க. அப்புறம் என்ன சொன்னான்?"

"அப்புறம் குழாயையே மாத்தணுங்கறான்! நான் கேட்டேன், போன வருஷம்தானேடா மாத்தின..."

குழாய்க்காரரைத் திட்டிக்கொண்டே பதிப்பாளர் கல் மேட்டைக் கடந்துவிட்டார். கோபத்தில் ஒரு தாவு தாவி ஒரு பிளவைக்கூடத் தாண்டினார். அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் தான் எங்கே இருந்தோம் என்று திரும்பிப் பார்த்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரைக் காப்பாத்தினீங்க மேடம்" என்றார். சத்தியமாக நெகிழ்ந்துதான் சொன்னார்.

ஆறு மாதத்தில் அந்த நெகிழ்ச்சி ஒரு புத்தகமாக வந்தது. 'பள்ளத்தோடு ஓர் உரையாடல்', ஆசிரியர் பதிப்பாளரே. அதில் அவர் உச்சியில் அழுகிறார். இறங்கும்போது அச்சம் என்பதே என்ன என்று பாறை மேல் அமர்ந்து விசாரிக்கிறார். தெளிவு பிறந்ததும் எழுந்து நடக்கிறார். குழாய் எங்கும் இல்லை. 'மலையை அறிந்த எளிய பெண்மணி ஒருவர் சிறிது தூரம் உடன் வந்தார்' என்று ஒரு வரி இருந்தது. அக்காவின் புத்தகத்தைவிட அது இரண்டு மடங்கு போயிற்று. ஒரு விருதும் கிடைத்தது. விருதைக் கொடுத்தவர் மலையேற்றச் சங்கத்தின் தலைவர்.

நான் கொதித்தேன். அக்கா அவ்வளவு கோபப்படவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கார். அந்தப் பிளவைத் தாண்டினதையாவது போட்டிருக்கலாம். அது நிஜமாவே நல்ல தாவு" என்றார். ஆனால் அன்று மாலையே தன் பழைய தாள்களை வெளியே எடுத்தார். விட்டுப்போனவை, வெட்டப்பட்டவை எல்லாவற்றையும் சேர்த்தார். எங்கள் முதலாளி, கடைப் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும் என்றால் அச்சுக்கூலி தன்னுடையது என்றார். இருந்தது. முதல் முறையாக 'ஏறினேன், இறங்கினேன்' என்ற பெயரோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. படிக்கிற கண்ணாடி வாங்குகிறவர்களுக்கு, எழுத்து தெரிகிறதா என்று பார்க்க அதைத்தான் கையில் கொடுப்போம். கூடாரத்துப் பக்கத்தில் பலர் சிரித்துவிடுவார்கள். சிலர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தோடு போய்விடுவார்கள்.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்தார். கொஞ்ச நாளாகக் கிட்டத்து எழுத்து மங்கலாம். அக்கா மற்றவர்களைப் போலவே அவரையும் உட்காரவைத்து, இதுவா, அதுவா என்று கேட்டு, பவர் கண்டுபிடித்து, புத்தகத்தை எடுத்து நீட்டினார். எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார் என்பதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அவர் ஓட்டுநர் பள்ளிக் குரலில் உரக்கப் படித்தார்.

"'உச்சியில் மூக்கு ஒழுகியது. துடைத்தேன். வழிகாட்டி படம் எடுத்தார். நாலு பக்கமும் மலைகள் தெரிந்தன. பெயர் கேட்டேன், சொன்னார், மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை போட்டிருப்பாரா என்று நினைத்தேன். போட்டிருக்க மாட்டார். அதற்குப் பிறகு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. இறங்கினோம்.'"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"தெளிவா இருக்கா?" என்றார் அக்கா.

"இருக்கு" என்றார் அவர். "அன்னிக்கு நான் போடலைதான்."

நான் லென்ஸ் எந்திரத்தை ஓடவிட்டேன். தேய்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும்.

போன வருடம் அக்கா இன்னொரு பனிமலைக்குப் போனார். இது முன்னதைவிடக் கடினம். உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் காற்று எழுந்தது. திரும்பிவிட்டார்கள். கடைக்கு வந்து அவ்வளவுதான் சொன்னார். எப்படியோ கேள்விப்பட்டுப் பதிப்பாளர் தொலைபேசியில் வந்தார். பழைய வருத்தமெல்லாம் அவருக்கு இருந்ததே இல்லை. "மேடம், தோல்விக்கு இப்ப நல்ல மார்க்கெட். உடனே எழுதுங்க. கடைசியில மட்டும் லேசா ஓர் ஒளி தெரியட்டும்" என்றார். அக்கா எதிரே இருந்தவரின் காதுப் பக்கம் ஃபிரேமை வளைத்துக்கொண்டே, "ஆள் இருக்காங்க சார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அப்புறம் பேசவில்லை.

எழுதத்தான் செய்கிறார். சென்ற ஞாயிறு காலை, வீட்டுக்காரருக்குப் புது லென்ஸ் போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். அவர் முதல் பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரே, பேனாவை மூடாமல்.

"காத்து அடிச்சுதுன்னு போட்டிருக்க."

"ஆமா. அடிச்சுது."

"எப்படி அடிச்சுது? காரைத் தள்ளற மாதிரியா? ஆளைத் தூக்கற மாதிரியா?"

அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். "தூக்கல. பின்னாடியிலிருந்து சட்டையைப் பிடிச்சு இழுத்துது. விடவே இல்லை."

"அதைப் போடேன்" என்றார் அவர்.

அக்கா அந்த வரியை அடித்துவிட்டு, மேலே நெருக்கி எழுதத் தொடங்கினார்.